எல்லாம் புரிகிறது, ஆனாலும் ஏமாற்றம்: 1978-இன் 'தி பிக் ஸ்லீப்' பற்றி

1978-இல் மைக்கேல் வின்னர் எடுத்த 'தி பிக் ஸ்லீப்' படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ரேமண்ட் சாண்ட்லரின் நாவலை அநேகமாக அப்படியே எடுத்திருக்கிறார்கள். யார் யாரைக் கொன்றார்கள் என்பது குழப்பமில்லாமல் புரிகிறது. ராபர்ட் மிட்சம், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஆலிவர் ரீட் என்று பெரிய நடிகர்கள் வரிசையாக வருகிறார்கள். அப்படியிருக்க, இதே நாவலிலிருந்து முன்பே எடுக்கப்பட்ட, கதையே ஒழுங்காகப் புரியாத 1946 படத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் இதை ஏன் ஒதுக்குகிறார்கள், கறுப்பு வெள்ளை மீதான பழைய பாசம்தான் காரணமா என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மூலக்கதைக்கு உண்மையாக இருப்பது ஒரு படத்துக்குப் பலம் இல்லையா? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் படத்தொகுப்பு மேசையில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். பிறகு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துத் திரையிட்டு விவாதித்திருக்கிறேன். ஆகவே நான் சொல்லப்போவதில் தொகுப்பாளனின் சாய்வு இருக்கும். எந்தக் காட்சி இருக்கிறது, எது வெட்டப்பட்டது, பார்வையாளனுக்கு எந்தத் தகவல் எப்போது கிடைக்கிறது என்றுதான் என் கண் போகும். நடிப்பைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், இந்தப் படத்தின் மீது வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளில் நிற்காதவற்றைக் கழித்துவிடலாம். ரீமேக் என்பதாலேயே மட்டம் என்பது நிற்காது. குற்றமும் இருட்டும் கலந்த ஹாலிவுட் படங்களான நுவார் வகையின் தொடக்கம் என்று பலரும் காட்டும் 1941-இன் 'தி மால்டீஸ் ஃபால்கன்' ஒரு ரீமேக்தான். அதே நாவலை 1931-இலும் 1936-இலும் அதே வார்னர் நிறுவனம் எடுத்திருந்தது. மூன்றாம் முறைதான் ஜான் ஹூஸ்டன் கையில் அது வாய்த்தது. வண்ணம் கெடுத்துவிட்டது என்பதும் நிற்காது. 1974-இல் 'சைனாடவுன்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஜான் அலோன்சோ, மறு வருடமே மிட்சம் நடித்த 'ஃபேர்வெல், மை லவ்லி' படத்துக்கும் செய்தார். இரண்டும் வண்ணப் படங்கள்; இரண்டிலும் இருட்டு இருட்டாகவே இருக்கிறது. அந்த 'ஃபேர்வெல், மை லவ்லி'யும் சாண்ட்லர் கதை, அதுவும் ரீமேக் (1944-இல் டிக் பவல் நடித்து ஒன்று வந்திருந்தது), அதிலும் மிட்சம்தான் துப்பறிவாளர் ஃபிலிப் மார்லோ. அந்தப் படம் தேறிவிட்டது.

கதையை நிகழ்காலத்துக்கு நகர்த்தியதுதான் பிழை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் தனியாக நிற்காது. ராபர்ட் ஆல்ட்மன் 1973-இல் 'தி லாங் குட்பை' நாவலை எடுத்தபோது மார்லோவை எழுபதுகளின் லாஸ் ஏஞ்சல்ஸில் கொண்டுவந்து நிறுத்தினார். முடிவையே தலைகீழாக மாற்றினார். சாண்ட்லர் ரசிகர்கள் பலருக்கு அப்போது கோபம் வந்தது. இன்று அந்தப் படத்தைச் சாண்ட்லர் படங்களில் முதல் வரிசையில் வைக்கிறார்கள். அதன் திரைக்கதையை எழுதிய லீ பிராக்கெட், 1946-இன் 'தி பிக் ஸ்லீப்' திரைக்கதையை எழுதிய மூவரில் ஒருவர். வில்லியம் ஃபாக்னரும் ஜூல்ஸ் ஃபர்த்மனும் மற்ற இருவர். இடைக்குறிப்பாக ஒன்று: பிராக்கெட்டின் துப்பறியும் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு அந்த 1946 படத்தை இயக்கிய ஹாவர்ட் ஹாக்ஸ் ஆளை வரச் சொன்னபோது, எழுதியவர் ஆண் என்றே நினைத்திருந்தார். வந்து நின்றது ஓர் இளம்பெண்.

இன்னும் ஒன்று. 1973, 1975, 1978 ஆகிய மூன்று மார்லோ படங்களின் தயாரிப்பிலும் எலியட் காஸ்ட்னரின் பெயர் உண்டு. அதாவது சாண்ட்லரை அறியாதவர்கள் கையில் கதை சிக்கிக்கொண்டது என்றும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எங்கே கோளாறு? என் பார்வையில் அது ஒரே இடத்தில் இருக்கிறது. 1946 படம் எதையெல்லாம் சொல்லாமல் விட்டதோ, அதையெல்லாம் 1978 படம் சொல்லிவிடுகிறது. சொல்லாமல் விட்டவற்றில்தான் அந்தப் படத்தின் உயிர் இருந்தது. இதை வெறும் அபிப்பிராயமாக விட்டுவிடாமல் காட்ட முடியும், ஏனென்றால் முதல் படத்துக்கே இரண்டு வடிவங்கள் இருக்கின்றன.

ஹாக்ஸ் இந்தப் படத்தை 1944 அக்டோபரில் தொடங்கி 1945 ஜனவரியில் முடித்தார். போர் முடியப்போகிறது, போர்ப் படங்களைச் சீக்கிரம் வெளியிட்டுத் தீர்க்க வேண்டும் என்று வார்னர் நிறுவனம் இதைக் கிடப்பில் போட்டது. வெளிநாட்டில் இருந்த படைவீரர்களுக்கு மட்டும் 1945-இல் திரையிட்டார்கள். அதற்குள் கதாநாயகி லாரன் பக்காலின் நிலை மாறியது. 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்' படத்தில் ஒரே பாய்ச்சலில் நட்சத்திரமானவர், 1945 இறுதியில் வந்த 'கான்ஃபிடென்ஷியல் ஏஜென்ட்' படத்துக்காக விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருடைய ஏஜென்டான சார்லஸ் ஃபெல்ட்மன், ஸ்டூடியோ முதலாளி ஜாக் வார்னருக்குக் கடிதம் எழுதினார். கதாநாயகன் ஹம்ஃப்ரி போகார்ட்டை அலட்சியமாகச் சீண்டும் அந்தப் பழைய பக்கால் இந்தப் படத்தில் போதவில்லை, அப்படிப்பட்ட காட்சிகளைச் சேர்க்க வேண்டும் என்பது சாரம். 1946 ஜனவரியில் மறுபடியும் படப்பிடிப்பு நடந்தது. இருவரும் உணவகத்தில் உட்கார்ந்து குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவதுபோல் வேறொன்றைப் பேசிக்கொள்ளும் புகழ்பெற்ற காட்சி அப்போது எடுக்கப்பட்டதுதான்.

அதற்கு இடம் வேண்டுமே. எதை வெட்டினார்கள் தெரியுமா? மாவட்ட அரசு வழக்கறிஞரின் அலுவலகத்தில், அதுவரை நடந்த கொலைகளையும் மிரட்டல்களையும் மார்லோ வரிசைப்படுத்தி விளக்கும் காட்சியை. துப்பறியும் கதையில் பார்வையாளனுக்குக் கைகொடுக்கும் படிக்கட்டே அதுதான். அதைப் பெயர்த்து எடுத்துவிட்டு இரண்டு பேர் கண்ணடித்துக்கொள்ளும் காட்சியைப் பொருத்தினார்கள். 1946 ஆகஸ்டில் வெளியானது இந்த வடிவம். 1945 வடிவத்தின் பிரதியை யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாத்துச் சீர்செய்து, 1997-இல் அது திரையரங்குக்கே வந்தது. இரண்டையும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே சொல்வார்கள்: 1945 வடிவம் தெளிவானது, 1946 வடிவம் மேலானது. விளக்கம் கூடினால் படம் இறங்குகிறது என்பதை முதல் படமே தன் உடம்பில் நிரூபித்து வைத்திருந்தது. முப்பது வருடம் கழித்து வந்த வின்னர், வெட்டி எறியப்பட்ட அந்த விளக்கத்தைத்தான் திரும்பவும் படம் முழுக்கப் பரப்பினார்.

படத்தின் குழப்பத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதில் எது உறுதி, எது ஊர்ப்பேச்சு என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மார்லோவை வேலைக்கு அமர்த்தும் பணக்கார ஸ்டெர்ன்வுட் குடும்பத்தின் கார் ஓட்டுநர் ஓவன் டெய்லர் காரோடு கடலில் விழுந்து சாகிறான். கொன்றது யார், அல்லது தானே செத்தானா என்று படப்பிடிப்பில் யாருக்கும் தெரியவில்லை. சாண்ட்லருக்குத் தந்தி அடித்துக் கேட்டார்கள், அவருக்கும் தெரியவில்லை. இதைப் பின்னாளில் சாண்ட்லரே ஒரு கடிதத்தில் எழுதியிருப்பதால் இவ்வளவும் நம்பத்தக்கது. தந்திச் செலவைப் பார்த்து ஜாக் வார்னர் கத்தினார், கேட்டது ஹாக்ஸா போகார்ட்டா என்பவையெல்லாம் விருந்துகளில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகள். ரசிக்கலாம், சாட்சியாக வைக்க முடியாது. குழப்பத்தின் வேர் நாவலிலேயே இருக்கிறது. சாண்ட்லர் தான் முன்பு மலிவுப் பத்திரிகைகளுக்கு எழுதிய சிறுகதைகளை, முக்கியமாக இரண்டை, ஒன்றாகத் தைத்து 1939-இல் இந்த நாவலை உருவாக்கினார். தையல் போட்ட இடத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டைக்குள் ஓட்டுநர் விழுந்துவிட்டான்.

அடுத்து தணிக்கை. நாவலில் கைகர் என்பவன் நடத்தும் புத்தகக் கடை உண்மையில் ஆபாசப் புத்தகங்களை வாடகைக்கு விடும் இடம். அவனோடு ஓர் இளைஞன் சேர்ந்து வாழ்கிறான். ஜெனரல் ஸ்டெர்ன்வுட்டின் இளைய மகள் கார்மன், போதை ஏற்றப்பட்டு நிர்வாணமாகப் படம் எடுக்கப்படுகிறாள். காணாமல் போன ரஸ்டி ரீகனை, அதாவது தன் அக்காளின் கணவனை, சுட்டுக் கொன்றதும் அவள்தான். அக்காள் அதை மூடி மறைக்கிறாள். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளின் கீழ் இவற்றில் எதையும் நேராகச் சொல்ல முடியாது. ஹாக்ஸ் என்ன செய்தார்? கார்மனுக்குச் சீன உடை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்; கேமரா ஒளித்து வைக்கப்பட்டிருந்த சிலையைக் காட்டினார்; படத் தகடு இல்லை என்பதை மார்லோவின் முகத்தில் காட்டினார். கடையில் என்ன விற்கிறது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் உள்ளே போகிறவர்களின் முழியே போதும். கைகர் கொல்லப்படும்போது மார்லோ வெளியே மழையில் காருக்குள் இருக்கிறார். ஜன்னலில் ஒரு வெளிச்சம், ஓர் அலறல், துப்பாக்கிச் சத்தம், இரண்டு கார்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் ஓசை. நாமும் அவரோடு காருக்குள்தான். படம் முழுக்க இந்த ஒழுங்கு மாறுவதில்லை: மார்லோ இல்லாத இடத்துக்கு நம்மைக் கூட்டிப்போவதில்லை, அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரிவதில்லை. பின்னோக்குக் காட்சி கிடையாது. பின்னணியில் விளக்கம் சொல்லும் குரலும் கிடையாது. நுவார் என்றாலே இந்த இரண்டும் இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இந்தப் படத்தில் இரண்டும் இல்லை.

தணிக்கைக்கு நன்றி சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விதிகள் எத்தனையோ படங்களை நாசமாக்கின; இந்தப் படத்தின் முடிவும் அவற்றால்தான் கொஞ்சம் நொண்டுகிறது. ஆனால் ஹாக்ஸும் அவருடைய எழுத்தாளர்களும் தடையைச் சுற்றிக்கொண்டு போகும் கலையில் கைதேர்ந்தவர்கள். சுற்றிப் போன பாதையே படத்தின் நடையாகிவிட்டது.

1978-இல் தடை இல்லை. கார்மன் இப்போது கமில்லா. நடித்தவர் கேண்டி கிளார்க். நாவலில் உள்ளபடி நிர்வாணமாகவே வருகிறார். கைகரின் தொழில் வெட்டவெளிச்சம். மிட்சமின் குரல் கதையை நமக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது. யாராவது ஒரு பழைய சம்பவத்தைப் பேச ஆரம்பித்தால், அந்தச் சம்பவத்தைக் காட்சியாகவும் போட்டுக் காட்டிவிடுகிறார் வின்னர். நாவலிலும் 1946 படத்திலும் நம் கண்ணில் படவே படாத மனிதன் ரீகன். ஜெனரல் மகனைப்போல் நேசித்தவன், போகிற இடமெல்லாம் அவன் பெயர் அடிபடுகிறது, கதை முழுக்க அந்த வெற்றிடத்தைச் சுற்றியே நகர்கிறது. 1978 படம் அவனுக்கு ஒரு நடிகரைப் போட்டு முகத்தைக் காட்டிவிடுகிறது. தொகுப்பாளனாக எனக்கு இந்த ஓர் இடமே தீர்ப்பை எழுதப் போதும். 1946 படம் 114 நிமிடம், இது 99 நிமிடம். கால் மணி நேரம் குறைவான படம், விளக்கத்தில் கூடுதல். குறைக்கப்பட்டதெல்லாம் ஆட்கள் சும்மா இருக்கும் நேரம், ஒருவரையொருவர் அளந்து பார்க்கும் நேரம்.

இனி, வின்னர் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கதையைக் கொண்டுபோய் வைத்த லண்டன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'ஊரை மாற்றியதால் கெட்டது' என்று விமர்சனங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. ஏன் கெட்டது என்று கேட்டால் பனிமூட்டம், நியான் விளக்கு என்று எதையாவது சொல்வார்கள். லண்டனில் பனிமூட்டத்துக்குப் பஞ்சமா என்ன? கோளாறு வேறு. இந்தக் கதை சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. சட்டம் மாறியதும் கதையின் திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன.

எடி மார்ஸ் என்ற தாதாவின் சூதாட்ட விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதுகளின் கலிஃபோர்னியாவில் அப்படியொரு விடுதி சட்டவிரோதம். ஆகவே அது ஊரறிய நடக்கிறது என்பதே, மேலிடம் வரை பணம் போகிறது என்பதற்குச் சாட்சி. சாண்ட்லர் இதைக் கற்பனையில் எழுதவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் மேயர் ஃபிராங்க் ஷா, ஊழல் புகார்களால் மக்கள் வாக்கெடுப்பில் பதவியிறக்கப்பட்டது 1938 செப்டம்பரில். நாவல் வந்தது 1939 பிப்ரவரியில். அன்றைய வாசகனுக்கு எடி மார்ஸ் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிரிட்டனிலோ 1968 சட்டத்துக்குப் பிறகு உரிமம் பெற்ற காசினோக்கள் வெளிப்படையாக நடந்தன. 1978 லண்டனில் சூதாட்ட விடுதி வைத்திருக்கும் ஆலிவர் ரீட், கண்ணை உருட்டிக் கிசுகிசுத்தாலும் ஒரு தொழிலதிபர்தான். அவருக்குப் பின்னால் அழுகிய நகரம் எதுவும் தெரிவதில்லை.

மார்லோவின் உரிமம் இன்னொரு திருகாணி. கலிஃபோர்னியாவில் தனியார் துப்பறிவாளர் உரிமம் வாங்க வேண்டும். போலீஸும் அரசு வழக்கறிஞரும் நினைத்தால் அது பறிபோகும்படி செய்யலாம். நாள் கூலி 25 டாலருக்கு வேலை பார்க்கும் ஒருவன் அவ்வளவு பெரிய இடங்களைப் பகைத்துக்கொள்கிறான் என்றால், அவனுக்கு இழக்க என்ன இருக்கிறது என்று நாம் அறிவோம். பிரிட்டனில் அந்தத் தொழிலுக்கு அப்படியோர் உரிமமே கிடையாது. லண்டனில் தங்கிவிட்ட அமெரிக்கராக வரும் மிட்சம் எதை இழப்பார்? கைத்துப்பாக்கியும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் அது பத்தோடு பதினொன்று. துப்பாக்கி அரிதான இங்கிலாந்தில் ஆளாளுக்குச் சுட்டுக்கொண்டிருக்க, சுற்றியிருப்பவர்கள் அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளாதது விசித்திரமாகத் தெரிகிறது.

ஆபாசப் புத்தக விஷயத்தில் வின்னருக்கு ஒரு பெரிய வாய்ப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சோஹோ பகுதியில் இந்த வியாபாரம் கடைபோட்டு நடந்த காலம் அது. அதைத் தடுக்க வேண்டிய லண்டன் போலீஸின் ஆபாச வெளியீடுகள் பிரிவிலேயே அதிகாரிகள் மாமூல் வாங்கினார்கள் என்று வழக்கு நடந்து, 1976, 1977 ஆண்டுகளில் பலர் சிறைக்குப் போனார்கள். படம் எடுக்கும்போது பத்திரிகைகளில் மை காயாத செய்தி. சாண்ட்லர் 1939-இல் எழுதியதன் நேர் லண்டன் பிரதி. கைகரின் கடையை அதோடு இணைத்திருந்தால் ஊர் மாற்றத்துக்கு அர்த்தம் கிடைத்திருக்கும். ஆல்ட்மன் படம்போல் இதுவும் தன் காலத்தின் படமாகியிருக்கும். படத்தில் வரும் ஸ்காட்லாந்து யார்டு அதிகாரிகளோ கண்ணியமான கனவான்கள். அதிகாரியாக வரும் ஜான் மில்ஸ் முகத்தைப் பார்த்து யாருக்கு மாமூல் ஞாபகம் வரும்?

எண்ணெயையும் சொல்லிவிட வேண்டும். நாவலில் ஸ்டெர்ன்வுட் குடும்பத்தின் பணம் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்தது. நாற்றம் தாங்காமல் மலைமேல் மாளிகை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தங்களைப் பணக்காரர்களாக்கிய கிணறுகள் இன்னும் தெரியும். காணாமல் போனவனின் உடல் கிடப்பதும் அங்கேதான். சாண்ட்லர் எழுத வருவதற்கு முன் எண்ணெய் நிறுவனத்தில் அதிகாரியாக இருந்து 1932-இல் வேலை இழந்தவர், அதனால் அந்த நாற்றம் அவருக்குத் தெரியும். இங்கிலாந்தின் பச்சைப் புல்வெளி மாளிகையில் ஜன்னலைத் திறந்தால் புல்வெளிதான் தெரியும். இதிலுள்ள வேடிக்கை, சாண்ட்லர் லண்டன் டல்விச் கல்லூரிப் பள்ளியில் படித்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். அந்நியனின் கண்ணோடு லாஸ் ஏஞ்சல்ஸைப் பார்த்ததால்தான் அந்த ஊரை அவரால் அப்படி எழுத முடிந்தது.

முதல் படத்திலும் காலம் கசிகிறது என்பதைக் கவனியுங்கள். போரைப் பற்றிக் கதையில் பேச்சே இல்லை. ஆனால் டாக்ஸி ஓட்டுவது ஒரு பெண். மார்லோவின் கார் கண்ணாடியில் பெட்ரோல் ரேஷன் ஸ்டிக்கர் இருக்கிறது. ஊரில் ஆண்கள் குறைவு என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது.

மிட்சமைப் பற்றி. இங்கே நான் சொல்வது ரசனை, தீர்ப்பு கிடையாது. முழுநீளத் திரைப்படங்களில் மார்லோவாக இரண்டு முறை நடித்தவர் அவர் ஒருவர்தான். 1947-இன் 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் இந்த உலகத்துக்கே பிறந்தவர் என்று தோன்றும். நாவலின் மார்லோவுக்கு வயது 33. போகார்ட் 45 வயதில் நடித்தார், படத்தில் 38 என்று சொல்லிக்கொண்டார். மிட்சமுக்கு 60. 1975 படத்தில் அந்த வயதைக் கதையே ஏற்றுக்கொண்டது. களைத்துப்போன மனிதன் என்றே தொடங்கினார்கள். 1978-இல் வயதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடுவதில்லை, இளம்பெண்கள் பாட்டுக்கு வந்து மேலே விழுகிறார்கள். எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கு உறுத்தாமல் இருக்கலாம். ஒரு சின்ன ஒப்பீடு மட்டும் சொல்கிறேன். நாவலில் கார்மன் முதல் சந்திப்பில் மார்லோவின் உயரத்தை வியப்பாள். போகார்ட் உயரமானவர் இல்லை. ஆகவே ஹாக்ஸ் படத்தில் அவள் அவரைக் குள்ளம் என்று சீண்டுகிறாள், அவரும் தன்னையே கேலி செய்துகொண்டு பதில் சொல்கிறார். நாவலை மீறிய அந்த மாற்றத்தில் முதல் நிமிடத்திலேயே ஒரு மனிதன் உருவாகிவிடுகிறான். மிட்சம் நாவலில் உள்ளதுபோலவே உயரமானவர். அந்தப் பொருத்தத்தால் படத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

இவ்வளவு குறை சொன்னாலும் படத்தில் நல்ல இடங்கள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் தளர்ந்த குரலில், அந்த ஜெனரலின் தனிமை சில நிமிடங்களுக்கு உண்மையாகவே கேட்கிறது. ஹாரி ஜோன்ஸ் என்ற சில்லறை ஆளாக வரும் காலின் பிளேக்லி, காதலிக்காகப் பொய் சொல்லி விஷம் குடித்துச் சாகும் பகுதியும் அப்படியே. 1946-இல் அதே பாத்திரத்தை எலிஷா குக் ஜூனியர் செய்ததோடு ஒப்பிட்டால்கூட பிளேக்லி தலைகுனிய வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் நடிகர் சும்மா இருக்க நேரம் கிடைத்திருக்கிறது, யாரும் எதையும் விளக்கவில்லை.

ஊரை ஏன் மாற்றினார்கள் என்று கேட்பீர்கள். பணம் லூ கிரேடின் பிரிட்டிஷ் நிறுவனமான ஐ.டி.சி.யிலிருந்து வந்தது, வின்னர் லண்டன்காரர். இவை இரண்டும் உறுதி. இதனால்தான் ஊர் மாறியது என்பது என் ஊகம். முப்பதுகளின் லாஸ் ஏஞ்சல்ஸைச் செட் போட்டு எழுப்பினால் செலவு எகிறும் என்பதைத் தயாரிப்புப் பக்கம் இருந்தவர்கள் யாரும் ஒப்புக்கொள்வார்கள். 'டெத் விஷ்' எடுத்து வசூல் பார்த்த வின்னர் வேகமாக வேலை பார்க்கும் ஆள். கதையை அடுத்த காட்சிக்குத் தள்ளுவதில் கெட்டிக்காரர், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரியாதவர். இதுவும் அவருடைய மற்ற படங்களைப் பார்த்து நான் வந்தடைந்த கருத்துதான்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு, அதாவது நாவலுக்கு உண்மையாக இருப்பது பற்றி: 1978 படம் நாவலின் சம்பவங்களுக்கு உண்மையாக இருந்தது, அந்த முடிவு உட்பட. அதை நான் மறுக்கவில்லை. நாவலின் முடிவு 1946 முடிவைவிட மேலானது என்பதும் என் எண்ணம். ஆனால் நாவலில் சம்பவங்களைத் தாங்கி நிற்பது மார்லோவின் வாக்கியங்கள். கசப்பும் கிண்டலும் கலந்த அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தையல் பிரிந்த இரண்டு சிறுகதைகள். ஹாக்ஸ் அந்தப் பேச்சுக்கு ஈடாகப் போகார்ட்-பக்கால் உரசலை வைத்தார், நாவலில் அது அந்த அளவுக்கு இல்லை. இருவரும் 1945 மே மாதம் திருமணம் செய்துகொண்டவர்கள். மறுபடியும் எடுத்த காட்சிகளில் அவர்கள் கணவன் மனைவி. வின்னர் ஈடாக எதையும் வைக்கவில்லை, மிட்சமின் குரலில் நாவலின் வரிகளைக் கொஞ்சம் வாசிக்க வைத்ததைத் தவிர.

எந்த வரிசையில் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் 1978 படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டதால், அடுத்து நாவலைப் படியுங்கள், அதற்குப் பிறகு 1946 படத்தைப் பாருங்கள். கொலைக் கணக்கு முழுக்கத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் ஹாக்ஸ் எங்கெங்கே வேண்டுமென்றே நழுவுகிறார் என்பது பிடிபடும். டிவிடியிலோ இணையத்திலோ கிடைப்பது எந்த வடிவம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். படத்தின் நடுவில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் நீண்ட விளக்கம் வந்து, உணவகத்தில் குதிரைப் பேச்சு வராவிட்டால், உங்கள் கையில் இருப்பது 1945 வடிவம். அதையும் விட்டுவிடாதீர்கள், ஆனால் இரண்டாவதாகப் பாருங்கள்.